செய்தியோடையும் மேசைத் திரட்டியும்

செய்தி அறியும் அவா மக்கட்கு இயல்பு. அவ்வவாவைத் தீர்த்தற்கு முன்னாளிற் பறையறைவோனும், பின்னர்ச் செய்தித்தாளும், அதன்பின் வானொலியும் உதவின. இந்நாளில் செய்திக்குக் குறைவில்லை. குறைவு வேறோரிடத்தில் உள்ளது. கைப்பேசியைத் திறந்த அளவில் நம் கண்முன் வந்து நிற்கும் தலைப்புகள் எம்முறை பற்றி அவ்வரிசையில் நின்றன, விடுபட்டவை எவை, அவை விடுபட்டது எதனால் என்று வினவினால் நம்முள் எவர்க்கும் விடை கூறுதல் அரிது. அவற்றை வரிசைப்படுத்துவது ஒரு பொறி. எத்தலைப்பின்மேல் நம் விரல் நெடிது நிற்கும் என்பதே அப்பொறியின் கவலை. வாசிப்பதற்குரியதை வாசிப்போன் தானே தெரிந்துகொள்ளுதற்கு எளியதொரு வழி உண்டு. அது 25 ஆண்டுகளுக்கு மேலாகத் திறந்தே கிடக்கின்றது. எம் தோழர் பலர் அதனைக் கேள்விப்பட்டதும் இல்லை. அவ்வழியினைத் தொழில்நுட்பச் செய்திகளை வைத்து விளக்குவதே யாம் ஈண்டு மேற்கொண்டது.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்குத் தொழில்நுட்பச் செய்தியால் ஆவதென்னை என்று கேட்பார் உளர். அவர்க்கு ஒரு செய்தி கூறுவோம். முந்திரி, காணி, மா முதலிய கீழ்வாயிலக்கக் குறிகளும், உழக்கு, குறுணி, பதக்கு முதலிய அளவைக் குறிகளும் ஓலைச்சுவடிகளிலும் பழைய கணக்குகளிலும் பயின்று வருவன. இவற்றைக் கணினியில் எழுதுதற்கு நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. 2019 மார்ச்சில் வெளிவந்த யூனிக்கோடு 12.0 பதிப்பில் 51 குறிகள் தமிழுக்கெனத் தனித்தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. இதனை யாம் அறிந்தது ஆண்டுகள் பல கழிந்த பின்னரே. அதுவும், சுவடிக் கணக்கொன்றைப் படியெடுக்கப் புகுந்து, குறிகளுக்குப் பதிலாகப் பின்னங்களை எண்ணால் எழுதி, வேலையெல்லாம் முடிந்த பிறகு தற்செயலாக அறிந்தோம். அச்செய்தி எந்தக் கைப்பேசித் திரையிலும் தானே வந்து நின்றதில்லை. அதன்மேல் விரல் வைப்போர் எத்தனை பேர்? ஆனால் எமக்கு அது வேண்டிய செய்தி. வேண்டுவோர் சிலரேயாகிய செய்தி அவர்களிடம் தவறாது சென்று சேர்வது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் வினா.

இனிப் பெயர் பற்றிச் சிறிது கூறுதும். ஒரு தளத்திற் புதிதாக வெளிவந்தவற்றின் தலைப்புகளை ஒழுங்காக அடுக்கித் தரும் கோப்பினை ஆங்கிலத்தார் 'ஃபீடு' என்பர். தமிழில் 'செய்தியோடை' என்றும், சுருங்க 'ஓடை' என்றும் வழங்குகின்றது. ஓடை என்னுஞ் சொற்குச் சங்க நூல்களில் யானையின் நெற்றிப்பட்டம் என்னும் பொருளும் உண்டு. தலைப்புகளைத் தாங்கி வருவதற்கு அப்பொருளும் பொருந்தாமற் போகவில்லை. இதனை இச்சொல்லைப் படைத்தோர் கருதினரோ இலரோ, எமக்கு மகிழ்ச்சியே. ஓடைகள் பலவற்றை ஒருங்கே சேர்த்துக் காட்டும் கருவி 'திரட்டி'. தமிழ் எழுத்துகளை ஓடைகளின் வழித் திரட்டிக் காட்டிய 'தமிழ்மணம்' 2004 இல் தோன்றிய காலந்தொட்டு இச்சொல் தமிழ் இணையத்தில் ஊன்றிவிட்டது. தொல்காப்பியர் மரபியலில் வழிநூல் வகைகளைக் கூறுமிடத்துத் தொகுத்தலை முதலில் வைத்தமை தமிழ் மாணாக்கர் அறிந்ததே. திரட்டி செய்வதும் தொகுத்தலே. ஓடை வகைகளுட் பழையதன் பெயர் ஆர்.எஸ்.எஸ். என்பது. இவ்வெழுத்துகள் நம் நாட்டில் வேறொன்றனையும் குறிக்குமாதலின், யாம் மேல் எங்கும் ஓடை என்றே எழுதுவோம்.

1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தார் தம் முகப்புப் பக்கத்தில் பிற தளங்களின் தலைப்புகளைக் காட்டுதற்பொருட்டு இம்முறையை வெளியிட்டனர். அதனை வகுத்தாருள் ஒருவர் இராமநாதன் குகா, சென்னை ஐ.ஐ.டி.யிற் பயின்றவர். அதே ஆண்டு ஜூலையில் முறை எளிதாக்கப்பட்டது. பின்னர்க் கருத்து வேறுபாடு எழுந்து இரு கிளையாயிற்று. ஒரு கிளையார் 2000 டிசம்பரில் ஒரு பதிப்பை வெளியிட்டனர். அதில் ஒப்பமிட்டோருள் குகாவும் ஒருவர், ஆரன் சுவார்ட்ஸ் என்பாரும் ஒருவர். சுவார்ட்ஸுக்கு அப்போது வயது 14. பத்தொன்பதாம் ஆண்டில் நின்று இதனை எழுதும் எமக்கு இவ்வெண்ணைக் காணுந்தொறும் ஒரு நாணம் உண்டாகின்றது. அவர் 2013 ஜனவரியில் மறைந்தார். மற்றைக் கிளையில் டேவ் வைனர் என்பார் 2002 செப்டம்பரில் வெளியிட்ட 2.0 என்னும் பதிப்பே இன்றும் மிகுதியாக வழங்குவது. இவ்விரண்டன் பூசலையும் தவிர்க்க எண்ணி, 'ஆட்டம்' என்னும் மூன்றாவது முறை 2005 டிசம்பரில் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. பூசலைத் தீர்க்க வந்தது பூசலுக்கு மூன்றாமவராய் நின்ற கதை சபை வரலாறு படித்தார்க்குப் புதிதன்று. நல்வினையாக, இக்காலத்துத் திரட்டிகள் மூன்றனையும் வேறுபாடின்றி வாசிக்கும். ஆதலின் வாசகர் இதுபற்றிக் கவலற்க.

ஓடை என்பது உண்மையில் ஓர் எழுத்துக்கோப்பே. அதன் தலைப்பகுதியில் தளத்தின் பெயரும் முகவரியும் இருக்கும். அதன்கீழ் உருப்படிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒவ்வோர் உருப்படியிலும் தலைப்பு, முழுச்செய்திக்குச் செல்லும் இணைப்பு, சுருக்கம், வெளியிட்ட நாளும் நேரமும், அவ்வுருப்படிக்கே உரியதோர் அடையாளக்குறி ஆகியவை பெரும்பாலும் இருக்கும். அடையாளக்குறியைக் கொண்டே திரட்டி, முன் கண்டதனை மீண்டும் புதிது என்று காட்டாது விடுகின்றது. (தளத்தார் ஒருநாள் தம் ஏற்பாட்டை மாற்றிக் குறிகளையெல்லாம் புதுக்கிவிட்டால், பழஞ்செய்தி அனைத்தும் புதுச்செய்தியாய் வந்து நிற்கும், அன்று வாசகர் பாடு சொல்லத் தரமன்று.) சில தளத்தார் செய்தி முழுவதையும் ஓடையிலேயே தருவர். சிலர் இரண்டு வரியோடு நிறுத்துவர். தளத்துக்கு நாம் நேரிற் சென்றாலன்றி விளம்பர வருவாய் அவர்க்கு இல்லையாதலின், அவரைக் குறைகூறுதல் முறையன்று. ஒலிக்கோப்பின் முகவரியையும் உருப்படியிற் சேர்த்து அனுப்பலாம். பாட்காஸ்ட் என்று நம் மாணாக்கர் கேட்பனவெல்லாம் இவ்வழியே வருகின்றன. ஓடையைக் கேள்விப்படாதோரும் அதனை நாடோறும் பயன்படுத்தியே வருகின்றனர்.

திரட்டி வேலை செய்யும் வகையை விடுதி வழக்கொன்றால் விளக்குவோம். எம் விடுதியின் வாயிலிற் கடிதம் செருகும் பலகை ஒன்று உண்டு. மாலையில் அவ்வழிச் செல்வோன் தன் பெயருக்கு நேரே கண்ணை ஓட்டுகின்றான். கடிதம் இருந்தால் எடுக்கின்றான், இல்லையேல் நில்லாது போகின்றான். திரட்டியும் அங்ஙனமே, குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தளத்தின் வழங்கியையும் அணுகி, 'யான் கடைசியாகக் கண்ட கோப்பு இன்ன நாளினது, இன்ன முத்திரையுடையது, மாறியதுண்டோ?' என்று வினவும். மாற்றமில்லையேல் வழங்கி 304 என்னும் எண்ணை மாத்திரம் விடையாகத் தரும், கோப்பு வராது. மாறியிருந்தால் மட்டுமே கோப்பு இறங்கும். ஒரு கோப்பு சில பத்துக் கிலோபைட்டு அளவினதே. தலைப்பொன்றைக் காண்பதற்காகத் தளத்தின் முகப்பைத் திறப்போன் படங்களையும் அசைபடங்களையும் பிறர் செருகிய விளம்பரங்களையும் சுமந்து வருகின்றான். அதனோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க. நாற்பது ஓடைகளை மணிக்கொருமுறை வினவினால் ஒருநாளில் 960 வினா ஆகும். அவற்றுட் பெரும்பாலானவை 304 என்னும் மூன்று எண்ணோடு முடிந்துபோம். இதற்காகவே, இந்நேர அளவை ஐந்து நிமிடம் பத்து நிமிடம் என்று குறுக்கல் ஆகாது. அடிக்கடி கதவைத் தட்டுவோனைச் சில வழங்கிகள் உள்ளே விடா.

எம் துறையின் வாசிப்பறையில் இரண்டு கிகாபைட்டு நினைவகமுடைய பழங்கணினி ஒன்று உள்ளது. உலாவியில் நான்கு பக்கங்களைத் திறந்தால் ஐந்தாவதற்கு அது பெருமூச்சு விடும். அதிற் டெபியன் லினக்ஸை நிறுவி, 'லைஃபெரியா' என்னும் திரட்டியை ஏற்றினோம். இது 2003 முதல் வளர்ந்து வருவது, விலையில்லாதது, மூலக்குறி யாவர்க்கும் திறந்தது. திறந்தவுடன் மூன்று கட்டங்கள் தோன்றும். இடப்புறம் ஓடைகளின் பட்டியல். வலப்புறம் மேலே தலைப்புகள். கீழே, தேர்ந்த தலைப்பின் சுருக்கம். புதிய ஓடையைச் சேர்ப்பதற்கு அதன் முகவரியைக் கொடுத்தல் வேண்டும். முன்னே உலாவிகளே ஓடையிருப்பதைச் செம்மஞ்சள் நிறக்குறியாற் காட்டின. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2018 டிசம்பரில் வந்த 64 ஆம் பதிப்போடு இவ்வுதவியை நீக்கிவிட்டது. பலர் ஓடையை அறியாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது எம் கருத்து. எனினும் ஓடைகள் மறையவில்லை. பக்கத்தின் மூலக்குறியில், தலைப்பகுதியில், கண்ணுக்குப் புலப்படாத ஓர் இணைப்புவரியாக நிற்கின்றன. லைஃபெரியாவுக்குத் தளத்தின் முகவரியை மாத்திரம் கொடுத்தாலும் அவ்வரியைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும்.

இதனினும் இலேசானது 'நியூஸ்போட்' என்பது. அதற்குச் சாளரமும் இல்லை, படமும் இல்லை. கரிய முனையத்தில் எழுத்து மட்டும். ஓடைகளின் முகவரியை ஒரு வெற்றுக் கோப்பில் வரிக்கொன்றாக எழுதி வைத்தாற் போதும். எல்லாம் விசைப்பலகையினாலே நடக்கும். ஆங்கிலத் தலைப்புகளுக்கு இதற்கு மேலொன்று வேண்டா என்பேம். ஆனால் முனையம் என்பது எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வகுத்துவைத்த இடம். நம் கொம்பும் காலும் கொக்கியும் அக்கட்டத்துள் அடங்காமற் பல முனையங்களிற் சிதறி நிற்கக் காண்கின்றோம். தமிழ்த் தலைப்பும் கலந்து வாசிப்போர்க்கு லைஃபெரியாவே ஏற்றது. அதன் கீழ்க்கட்டத்தை வரைவது உலாவிகளுக்குரிய பொறியேயாதலின் முற்றும் இலேசென்று சொல்ல இயலாது. ஆயினும், சுருக்கத்தை மாத்திரம் வாசித்து, முழுச்செய்தியை வேண்டியபோது மட்டும் திறப்பதென்று பழகினால், எம் முதிய கணினியும் அதனைத் தாங்குகின்றது.

இனி எம் பிழையைச் சொல்லுதல் வேண்டும். தொடங்கிய முதல் வாரத்தில் பேராவலால் 63 ஓடைகளைச் சேர்த்தோம். சில்லுகள், கைப்பேசிகள், விண்கலங்கள், செயற்கை நுண்ணறிவு, மென்பொருட் பாதுகாப்பு என்று எதனையும் விடவில்லை. டிசம்பரிற் கணினியை அணைத்துவிட்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றோம். திரும்பி வந்து திறந்தபோது, வாசியாதவை 1,184 என்று இடப்புறத்திற் காட்டிற்று. அவற்றை வாசித்தே தீர்வது என்று மூன்று மாலைகள் முயன்றோம். வனாந்தரத்தில் மன்னாவை விடியற்காலம்வரை வைத்தோர் கண்டது யாதோ அதுவே யாமும் கண்டது. முன்வாரத்துக் கைப்பேசியின் விலை குறைந்துவிட்டது, வரப்போவதாகச் சொன்ன பதிப்பு வந்துவிட்டது, வதந்தி பொய்யாகிவிட்டது. இதனினும் வருந்தத்தக்கது வேறொன்று. ஓடைக் கோப்பில் எந்நாளும் அண்மை உருப்படிகள் சிலவே நிற்கும். பெரும்பாலும் பத்து, இருபது, ஐம்பது. நாளொன்றுக்கு அறுபது தலைப்பு வெளியிடும் தளத்தின் ஓடையில், பத்து நாள் கழித்து வருவோன் காண்பது கடைசி நாளின் எச்சத்தையே. மேசைக்கணினி உறங்கிக் கிடந்தபோது வந்துபோனவை போயினவே. ஆகவே எம்மைத் திணறச் செய்த 1,184 உம் முழுமையன்று. வெள்ளமும் வந்தது, குடிக்க வேண்டிய நீரும் கடந்து போயிற்று.

மேசைத் திரட்டிக்குரிய குறை இது. இதனை நீக்குதற்கு எப்போதும் விழித்திருக்கும் வழங்கியில் திரட்டியை வைப்பாரும் உளர். யாம் அதனை விரும்பவில்லை. பத்து நாளிற் பயனற்றுப்போகும் தலைப்பு, இழந்தால் இழப்பன்று. பத்து நாள் கழித்தும் பயன்படும் செய்தியை வெளியிடும் தளங்களோ நாளுக்கு அறுபது எழுதுவனவல்ல. இதனை உணர்ந்த அன்றே கழித்தலைத் தொடங்கினோம். ஒரு திங்கள் முழுதும், எவ்வோடையிலிருந்து எத்தனை தலைப்பைத் திறந்து வாசித்தோம் என்று ஒரு நோட்டுப்புத்தகத்திற் குறித்து வந்தோம். அவ்வேடு எமக்குப் பல உண்மைகளைக் காட்டிற்று. நாளுக்கு நாற்பது எழுதிய ஒரு தளத்தில் யாம் திறந்தவை திங்களுக்கு மூன்று. நிறுவனம் ஒன்று விடுத்த ஒரே அறிக்கை ஐந்து தளங்களில் ஐந்து தலைப்போடு வந்தமையும், அவ்வைந்தனையும் ஐந்து செய்தியென்று எண்ணி யாம் திறந்தமையும் புலனாயின. மாறாக, இரு திங்களுக்கு ஒருமுறை எழுதும் ஓடைகளில் வந்த யாவற்றையும் வாசித்திருந்தோம். ஓடையின் பயன் இங்கேதான் உள்ளது என்று துணிந்தோம். நாள்தோறும் எழுதுவோன் வீட்டுக்கு நாள்தோறும் நாமே போகலாம். எப்போதோ ஒருமுறை எழுதுவோன் வாயிலில் எவர் காத்து நிற்பார்? அவனுக்காகக் காத்து நிற்பதே திரட்டியின் தொழில்.

அறுபத்து மூன்று பதினேழாயிற்று. அவற்றுள் யூனிக்கோடு நிறுவனத்தின் அறிவிப்பு ஓடை ஒன்று. டெபியனின் பாதுகாப்பு அறிவிப்பு ஒன்று. 1998 முதல் லினக்ஸ் உலகை நிதானத்தோடு எழுதிவரும் எல்.டபிள்யூ.என். ஒன்று, அதே ஆண்டிற் தோன்றிய ஆர்ஸ் டெக்னிகா ஒன்று. ஹேக்கர் நியூஸின் ஓடையை நீக்குவதா வைப்பதா என்று நெடிது வாதித்தோம். 2007 இல் தொடங்கிய அத்தளத்தில் தலைப்புகளை மேலேற்றுவது வாசகர் இடும் வாக்கு. அதன் ஓடையைச் சேர்ப்போன், பொறியின் தேர்வினின்று தப்பிக் கூட்டத்தின் தேர்விற் புகுகின்றான். ஓடையின் வழி வந்தமையால் மட்டும் ஒன்று நம் தேர்வு ஆகிவிடாது என்பதை மறவாதிருத்தற்கே அதனை வைத்துக்கொண்டோம் என்று எம் தோழர் ஒருவர் சொல்வர். அதில் அவ்வப்போது நல்ல செய்தி வருகின்றது என்பதே மெய்யான காரணம்.

தலைப்பை வாசிப்பது வேறு, செய்தியை அறிவது வேறு என்பதற்கு அண்மைக்காலத்து எடுத்துக்காட்டு ஒன்றை விரித்துக் கூறுவோம். 2024 மார்ச் 29 பெரிய வெள்ளிக்கிழமை. அன்று ஆண்ட்ரஸ் பிராயிண்டு என்னும் மென்பொருளாளர், தம் கணினியுள் தொலைவிலிருந்து நுழைவதற்கு வழக்கத்தினும் அரை விநாடியளவு மிகுதியாகின்றதே என்று ஐயுற்று ஆராய்ந்து, தாம் கண்டதனைப் பாதுகாப்பு வல்லுநர்க்குரிய பொது அஞ்சல் குழுவில் வெளியிட்டார். கோப்புகளைச் சுருக்குதற்குப் பயன்படும் 'எக்ஸ்இசட்' என்னும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளிற் கள்ளவாயில் ஒன்று செருகப்பட்டிருந்தது. ஜியா டான் என்னும் பெயரில் இயங்கிய ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேலாக உதவி புரிந்து, நம்பிக்கையை ஈட்டி, அதன்பின் இதனைச் செய்திருந்தார்.

இதுபற்றி அந்நாளில் வெளிவந்தவற்றை யாம் பின்னர்த் தேடி நேரவரிசையில் அடுக்கிப் பார்த்தோம். முதலில் நிற்பது பிராயிண்டின் மடல். அதில் ஆரவாரம் சிறிதும் இல்லை. அடுத்து நிற்பவை லினக்ஸ் வெளியிடுவோரின் அறிவிப்புகள். நிலையான டெபியன் வெளியீட்டில் அப்பதிப்புகள் நுழையவில்லை என்பதும், சோதனை நிலையில் இருந்தவற்றையே பின்வாங்க வேண்டும் என்பதும் அன்றே அவற்றில் தெளிவாக இருந்தன. பொதுச் செய்தித்தளங்கள் அதன் பின்னர் வந்தன. லினக்ஸிற் கள்ளவாயில் என்னும் தலைப்பை மட்டும் கண்டு சென்றவன், எம் வாசிப்பறைக் கணினியும் பறிபோயிற்று என்றே எண்ணியிருப்பான். அதில் ஓடுவதோ நிலையான வெளியீடு. அதற்குத் தீங்கொன்றும் இல்லை. தலைப்பு பொய்யுரைக்கவில்லை; எந்தப் பதிப்பு என்பதைச் சொல்ல அதற்கு இடமில்லை. இதனால் எமக்கொரு வழக்கம் உண்டாயிற்று. ஒரு பொருள் பற்றி முதலறிக்கை தருவோரின் ஓடையையும், அதனை விளக்குவோரின் ஓடையையும் பட்டியலில் அடுத்தடுத்து வைத்துள்ளோம். அச்சந்தரும் தலைப்பைக் கண்டவழி, மேலே ஒரு வரி சென்று முதலறிக்கையைத் திறக்கின்றோம். ஆங்கிலம் கடினமாகத்தான் இருக்கின்றது. ஆயினும் உரையை மாத்திரம் வாசித்து மூலத்தைத் தொடாதவனை நம் ஆசிரியன்மார் தமிழ் வகுப்பில் என் சொல்வர் என்பதை வாசகர் அறிவர்.

பழைய மாணவர் சிலர், இதனையெல்லாம் தாம் 'கூகுள் ரீடர்' காலத்திலேயே கண்டதாகக் கூறுவர். உண்மையே. 2005 அக்டோபரில் தோன்றிய அத்திரட்டி உலகெங்கும் பலராலும் விரும்பப்பட்டது. பயன்படுத்துவோர் குறைந்துவிட்டனர் என்று சொல்லி, 2013 மார்ச்சில் அதனை மூடப்போவதாக நிறுவனத்தார் அறிவித்தனர். ஜூலை முதல்நாள் அது மூடப்பட்டது. ஓடைப்பட்டியலை எடுத்துச் செல்ல வழி தந்திருந்தனர். ஆயினும் அன்றோடு ஓடை வாசித்தலையே விட்டோர் பலர். அக்கருவி பிறர் இல்லத்தில் இருந்தது, அவர் கதவடைத்தார். மேசைத் திரட்டியில் பட்டியலும் வாசித்த செய்திகளும் நம் வன்தட்டிலேயே உள்ளன. பட்டியலை 'ஓபிஎம்எல்' என்னும் ஒரு சிறுகோப்பாக எழுதி எடுக்கலாம். 2000 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அம்முறையை ஏறக்குறைய எல்லாத் திரட்டிகளும் ஏற்கின்றன. லைஃபெரியா நாளையே நின்றுபோயினும், அக்கோப்பை வேறொரு திரட்டியிற் கொடுத்து விட்ட இடத்தினின்று தொடரலாம். பயனர்பெயரும் மறைசொல்லும் இங்கே வேண்டுவதில்லை. நாம் எத்தலைப்பில் எத்துணை நேரம் நின்றோம் என்று கணக்கெடுப்பாரும் இல்லை. செய்தியுட் செருகிய படங்கள் பிற இடங்களினின்று இறங்கும்போது அவ்விடத்தார்க்கு நம் வருகை தெரியும். படங்களை நிறுத்தி வைத்தால் அதுவும் இராது.

இவ்வழிக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் ஒன்று எம்மை இன்னும் வருத்துகின்றது. தானே தெரிந்துகொள்வோன் தனக்கு உவப்பானதையே தெரிந்துகொள்வான். பதினேழு ஓடைக்கு அப்பால் உலகம் உண்டென்பதை மறப்பான். வாசிப்பறை மேசைமேற் கிடக்கும் நாளிதழைப் புரட்டுவோன், தான் தேடாத செய்தியில் நாடோறும் இடறுகின்றான். திரட்டியில் அத்தகைய இடறல் இல்லை. இதற்கு எம்மிடம் முழுவிடை இல்லை. திங்களுக்கு ஒருமுறை, எமக்குத் தொடர்பற்ற துறையின் ஓடையொன்றை வேறொரு துறை மாணாக்கரைக் கேட்டுச் சேர்த்து, முப்பது நாள் வைத்துப் பார்க்கின்றோம். தாவரவியல் மாணாக்கர் ஒருவர் தந்தது நிலைத்துவிட்டது, பிற நிலைக்கவில்லை. நாளிதழையும் விட்டோமில்லை.

வேறொரு பயனும் கண்டோம். அது யாம் எதிர்பார்த்ததன்று. எம் திரட்டியிற் புதியது மேலும் பழையது கீழுமாக, நேரமே வரிசையாய் நிற்கின்றது. கடைசித் தலைப்பைக் கடந்தபின் அடியில் வேறொன்றும் இல்லை. வாசியாதவை பூச்சியம் என்று காட்டிவிட்டு அது வாளா இருக்கின்றது. அன்றன்றைக்குரிய வேதபாடம் முடிந்தவுடன் புத்தகத்தை மூடி எழுவது நமக்குச் சிறுவயது முதல் பழகியதே. கைப்பேசியிற் செய்தி வாசிக்கும்போது மூடி எழும் அவ்விடம் வருவதேயில்லை. மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஐந்தரைக்கு எழுந்துவிடுகின்றோம். மிஞ்சிய நேரத்தில் எல்லாம் இலக்கணம் படித்தோம் என்று சொல்லுதற்கு எமக்குத் துணிவில்லை. பந்தாட்டத் திடல் அருகில் உள்ளது.

பதினேழின் பட்டியலை வாசிப்பறைக் கணினியிற் 'பொது' என்னும் அடைவில் வைத்துள்ளோம், வேண்டுவோர் படியெடுத்துக்கொள்ளலாம். எடுத்தவுடன் தமக்கு வேண்டாதவற்றை நீக்கிவிடுக. அவற்றுள் தமிழ் எழுத்துருக்களைப் பற்றி எழுதும் ஒருவருடைய ஓடையும் உண்டு. அதில் ஏழு திங்களாக ஒன்றும் வரவில்லை. திரட்டி மணிக்கொருமுறை சென்று வினவி, 304 என்னும் விடையோடு திரும்புகின்றது. அதனை இன்னும் நீக்கவில்லை.